குற்றாலத்துக்குத் தூங்கப் போனேன்

டிக்கெட் எடுத்த கதையைச் சொல்லப் போவதில்லை. சென்னையில் ரயில் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதைப் பேச ஆரம்பித்தால் மறுபடி வேலைக்குப் போன மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த மாதம் எந்த ஊருக்குக் கூட்டம் அலைமோதும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனி, ஆடியில் தென்காசி வண்டிக்கு அடிதடி. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிமார் கூட்டம். பொங்கல் கழிந்து, மகரஜோதியும் முடிந்து, தை மாதத்தின் பின்பாதியில் குற்றாலம் போக வேண்டுமென்று என் கவுண்டரில் இதுவரை ஒருவர்கூட வந்து நின்றதில்லை. அதனால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா மருந்துச் சீட்டில் ‘முழு ஓய்வு’ என்று எழுதி அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, “நல்லா ரெஸ்ட் எடு செல்வி” என்றார். அடுத்த மூச்சில், “சர்க்கரை டப்பா எங்க இருக்கு?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. சர்க்கரை டப்பா இருக்கும் இடம் தெரியாத நல்ல மனிதர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை ஓர் எட்டு வந்து பார்க்காவிட்டால் எங்கள் சொந்தத்தில் அது ஜென்மப் பகை. ஆகவே வந்தார்கள். ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாகத் தினமும் வந்தார்கள். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, இதே ஆபரேஷன் செய்துகொண்டு யார் யார் தேறவில்லை என்று விவரமாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் காபி போட எழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கொண்டுவந்த ஆப்பிளை நறுக்கி அவர்களுக்கே கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்து போனது. அவர்கள் தெருமுனை தாண்டியதும் பரணில் இருந்த பையை இறக்கச் சொன்னேன்.

“உடம்பு சரியில்லாதவ தனியா எங்க போவ?” என்றார் வீட்டுக்காரர்.

“உடம்பு சரியில்லாததாலதான் போறேன்.”

“அந்தப் பக்கம் போறதுன்னா அக்கா வீட்டுக்குப் போயேன். புளியங்குடி பக்கத்துலதானே?”

அவருடைய அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி தங்கமான மனுஷி, சிக்கலே அதுதான். அவர் வீட்டில் எலுமிச்சை கமிஷன் மண்டி. விடியும் முன்பே லாரி வரும், ஆள் வரும், போன் அடிக்கும். வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, “எங்க தம்பி பொண்டாட்டி, ஆபரேசன் பண்ணியிருக்கு” என்று என்னைக் காட்டுவார். அதற்குச் சென்னையிலேயே கிடக்கலாம். அதே சமயம், சொந்தக்காரர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க லாட்ஜில் தங்கினாள் என்று தெரிந்தால் மதினி செத்தாலும் மறக்க மாட்டார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

தென்காசியில் இறங்கியதும் குளிர் கணுக்காலைப் பிடித்தது. சென்னையில் குளிர் என்பது ஸ்வெட்டர் கடைக்காரர்கள் கிளப்பிவிடும் வதந்தி. இங்கே உண்மையிலேயே மலையிலிருந்து காற்று இறங்கி வந்து சேலைக்குள் புகுந்தது. ஆட்டோவில் ஏறினேன்.

“சீசன் இல்லியே மேடம். இப்பம் எதுக்கு வந்திய?” என்று கேட்டார் ஓட்டுநர்.

“தூங்க.”

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். “மெட்ராஸ்ல தூங்க எடமில்லையா?”

“இல்ல. மெதுவா ஓட்டுங்க தம்பி. தையல் போட்ட வயிறு.”

“பையத்தான் போறேன் மேடம்” என்றார். வாஸ்தவம்தான், ஊரைத் தாண்டியதும் வண்டி அதைவிடப் பையப் போய், பிறகு நின்றேவிட்டது. அவர் இறங்கிப் பின்பக்கம் எதையோ தட்டினார், ஊதினார், தலையைச் சொறிந்தார். வேறு ஆட்டோ பிடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், சரியாகும்வரை இருக்கிறேன் என்றேன். இரண்டு பக்கமும் வயல். மலையின் பாதி மஞ்சு மூட்டத்துக்குள் இருந்தது. கவுண்டரில் வரிசை கொஞ்சம் நகராவிட்டால் கண்ணாடியைத் தட்டும் மனிதர்களையே பார்த்துப் பழகியவள் நான். வண்டி பழுதானதற்காகச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான். அவர்தான் பாவம், நான் திட்டப் போகிறேன் என்று கடைசிவரை காத்திருந்தார்.

கிளம்பியபின், திரும்பிப் போய்த் தென்காசிப் பெரிய கோயிலைக் காட்டட்டுமா என்றார். கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும் என்றார். என்னைத் தள்ளச் சென்னையில் ஆள் நிறைய இருக்கிறது, நேரே லாட்ஜுக்கு விடுங்கள் என்றேன்.

லாட்ஜ் ஐந்தருவிச் சாலையில் இருந்தது. சாலையோரக் கடைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. லாட்ஜில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மேனேஜர் பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது, தலையில் மப்ளர். அங்கே அவரே மேனேஜர், அவரே ரூம் பாய், அவரே வாட்ச்மேன்.

“கூட ஆரும்மா வாராவ?”

“யாரும் இல்ல.”

“அருவியில குளிக்கவா?”

“குளிக்கக் கூடாது.”

“அப்பம் கோயிலுக்கு?”

“இல்ல அண்ணாச்சி. ரெஸ்ட் எடுக்கணும். யாரும் கதவத் தட்டாம இருந்தாப் போதும்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். “வீட்டு நம்பர் ஒண்ணு சொல்லுங்கம்மா, ஒரு அவசரத்துக்கு” என்றார். வீட்டுக்காரர் நம்பரைச் சொன்னேன். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

மாடியில் அறை. பால்கனியில் இரும்புக் கம்பி, எதிரே மலை, கீழே முற்றத்தில் அண்ணாச்சியின் நாற்காலி. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

டக் டக்.

“வெந்நி வேணுமாம்மா?”

வேண்டாம் என்றேன். கண் சொக்கும் நேரத்துக்குக் கொசுவத்தி வந்தது. அது போய் டீ வந்தது. பிறகு பேப்பர் வந்தது. அது எனக்கு முன்னால் யாரோ வாங்கிய பழைய பேப்பர். சாயங்காலம் அவர் கதவைத் தட்டி, “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்றபோது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சென்னையில் காபி கேட்டுத் தட்டினார்கள், இங்கே காபி வேண்டுமா என்று தட்டுகிறார்கள், இவ்வளவுதானே வித்தியாசம் என்று தலையணையைக் குத்தினேன்.

மறுநாளும் அதே பாடு. அறையில் இருந்தால் இவர் விட மாட்டார் என்று மத்தியானம் வெளியே போனேன். சாலை முனையில் ஒரு மெஸ் மட்டும் திறந்திருந்தது. சுடுசோற்றில் சொதியை ஊற்றி, இஞ்சித் துவையல் வைத்தார்கள். தேங்காய்ப் பாலில் காய்கறி வெந்து கிடக்க, அதற்கு இஞ்சி காரம் என்று கண்டுபிடித்தவர் கைக்குத் தங்க வளையல் போடலாம். நானே சமைக்காத சோறு என்பதாலும் ருசித்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்திருக்கவில்லை. இலையை எடுக்க வந்தவர் பார்த்தார். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் எண்ணெய் மசாஜ் செய்பவர்கள் இருவர் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சீசனில் அருவிக்கரையில் ஆளைப் படுக்கப் போட்டு எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள்.

“தை மாசம் ஒடம்பே சொல்லும்லே, படுன்னு. சீசன் பூரா ஊரு ஒடம்பப் பிடிச்சிவிட்டோம்லா” என்றார் ஒருவர்.

“நான் பொங்கல் கழிஞ்சதும் பாயில விழுந்தவன்தான். மாசி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்” என்றார் மற்றவர்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணே, உங்க வீட்ல அவங்களுக்கு எந்த மாசம் சீசன் முடியும்?” என்று கேட்டேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். “அவளுக்கு ஏதும்மா சீசன்?” என்றார். சொன்ன பிறகு சிரிக்கவும் முடியாமல், காப்பியைக் குடிக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

மூன்றாம் நாள் காலை பேரருவிக்கு நடந்தேன். தண்ணீர் பாறையில் ஒட்டிக்கொண்டு ஒல்லியாக இறங்கியது. ஆனியில் இடித்துத் தள்ளும் அருவி, இப்போது என்ன அவசரம் என்று இருந்தது. அதனிடம் போய் ஏன் இப்படி ஆகிவிட்டாய் என்று எவரும் ஆப்பிள் கொண்டுவந்து விசாரிக்கவில்லை. குரங்குகள்கூட வெயில் விழும் கைப்பிடிச் சுவராகப் பார்த்து வரிசையாகக் குந்தியிருந்தன. நானும் ஓரமாகக் குந்தினேன். மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. வலி இருந்தது, ஆனால் அவசரப்படுத்தாத வலி. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மப்ளர்.

“அண்ணாச்சி, வெளிய வாங்க.”

வந்தார். திருடி மாட்டிக்கொண்டவரைப் போல நின்றார்.

“என்ன நெனச்சிட்டிருக்கீங்க? ரூம்ல இருந்தாத் தட்டுறீங்க, வெளிய வந்தாப் பின்னாலயே வர்றீங்க. நான் என்ன களவாணியா? காசு குடுத்துட்டு ஒரு பொம்பள நிம்மதியாப் படுக்கக் கூடாதா?”

அவர் மப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டினார். “அழுதியள்லா” என்றார்.

“அதுக்கு?”

“போன தையிலயும் ஒருத்தர் தனியா வந்தாரும்மா. குளிக்கல, கோயிலுக்குப் போகல. ரெஸ்ட் எடுக்கணும், கதவத் தட்டாதிய அண்ணாச்சின்னாரு. நானும் சரின்னு தட்டல.” மப்ளரை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். “மறுநா கதவ ஒடச்சித்தான் பாத்தோம். தட்டியிருந்தா இருந்திருப்பாரோ என்னமோ. நீங்களும் வந்து அதே வார்த்தையச் சொல்லுதிய. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஓய்வு வேண்டும் என்று நான் சொன்ன சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அவர் பயத்துக்காக நான் தூங்காமல் இருக்க முடியுமா?

“அண்ணாச்சி, நான் சாக வரல. பொழைக்க வந்திருக்கேன். எனக்குத் தூக்கம்தான் மருந்து” என்றேன். “ஒண்ணு செய்வோம். காலையில முழிச்சதும் என் சிவப்புத் துண்டைப் பால்கனிக் கம்பியில போடுறேன், ராத்திரி எடுத்துடுறேன். துண்டு கிடந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீங்க நாற்காலியில இருந்தே பாத்துக்கலாம். கதவத் தட்டக் கூடாது.”

அவர் மப்ளரைத் திரும்பத் தலையில் கட்டினார். “துண்டு கிடக்கலைன்னா தட்டுவேன்” என்றார். சம்மதித்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. அதுதான் அதன் பெருமை. துண்டைப் போட்டேன், தூங்கினேன். எழுந்தேன், மஞ்சு ஏறுவதைப் பார்த்தேன், தூங்கினேன். ஐந்தருவியையும் பழைய குற்றாலத்தையும் பார்த்தீர்களா என்று ஊரில் யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லத் தயாராக இருக்கிறேன். செங்கோட்டைப் பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிடாமல் வந்தாயா என்றால், ஆமாம், தூங்கிக்கொண்டிருந்தேன் என்பேன். போனில் வரும் காணொளிகளில் குளிர்காலத்தில் உடம்பைப் பேணுவது எப்படி என்று விடியற்காலையில் ஓடச் சொல்கிறார்கள், கஷாயம் காய்ச்சச் சொல்கிறார்கள். காய்ச்சுவது யார் என்று சொல்வதில்லை. நான் காய்ச்சவில்லை. கம்பளிக்குள் காலை நீட்டிக் கிடந்தேன். சதைக்குள் மாட்டிய முள் மெல்ல மெல்லக் கழன்று வருவது போல உடம்பிலிருந்து எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் காலை வந்தது. அன்று நான் அசந்து தூங்கினேன். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை. கனவில்லை, புரண்டு படுக்கவில்லை, யாரோ எங்கோ தட்டுவது போலிருந்ததும் தூக்கத்துக்குள்ளேயே அமுங்கிவிட்டது. திடீரென்று தாழ்ப்பாள் பிய்ந்து கதவு சுவரில் அறைந்தது. பதறி எழுந்து உட்கார்ந்தேன். கட்டில்மேல் வெயில் விழுந்திருந்தது. வாசலில் அண்ணாச்சி. அவர் பின்னால் மெஸ்ஸில் பார்த்த மசாஜ்காரர்களில் ஒருவர்.

நான் எழுந்ததைப் பார்த்ததும் அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்குக் கண்ணீரும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது. “ஒரு பொம்பள வெயில் ஏறுற வரைக்கும் தூங்கினா அதுக்கு ஒரே அர்த்தம்தானா அண்ணாச்சி? செத்தாத்தான் படுப்பாளா?”

மசாஜ்காரர் தாழ்ப்பாளின் ஆணியைப் பொறுக்கிக்கொண்டே, “எவ்வளவு நேரம் தட்டுனாரு தெரியுமாம்மா? கை வீங்கிட்டு” என்றார்.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்தார். “தப்புத்தாம்மா. இன்னொரு தப்பும் பண்ணிட்டேன். கதவு தொறக்கலைன்னதும் உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டேன்.”

நான் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் மணி அடித்த உடனே எடுத்தார். “செல்வி, செல்வி” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியாமல் அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. தூங்கினேன், அவ்வளவுதான், ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்சம் தெளிந்ததும் மெதுவாகச் சொன்னார்: “அக்காவுக்குச் சொல்லிட்டேன். நான் இங்கிருந்து வந்து சேர நேரமாகும், அவதானே பக்கத்துல இருக்கா. கிளம்பிட்டா.”

சத்தியம் போயிற்று. குறைசொல்லவும் முடியவில்லை. ஆனால் மதினி வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பையைக் கட்டுவார்கள், வேனில் ஏற்றுவார்கள், புளியங்குடியில் நடுக்கூடத்தில் கட்டிலைப் போட்டு என்னைக் கிடத்துவார்கள். இன்று இரவுக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். அத்தனை பேருக்கும் மதினி காபி போடுவார். நான் எழுந்து டம்ளர் கழுவுவேன். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த தூக்கம் அதோடு சரி.

“அண்ணாச்சி, கீழ கேட்டைப் பூட்டுங்க” என்றேன்.

“சொந்தக்காரவுகம்மா. வீடு தேடி வாரவுகள…”

“நான் அவங்களப் பகைச்சுக்கல. அப்புறம் நானே போய்ப் பாப்பேன், கால்ல விழச் சொன்னாலும் விழுவேன். ஆனா இப்ப எனக்குத் தூக்கம் பாதியில நிக்குது. மிச்சத்த முடிக்கணும். போன தையில இருந்து நீங்களும் சரியாத் தூங்கியிருக்க மாட்டீங்க. கேட்டைப் பூட்டிட்டு நீங்களும் போய்ப் படுங்க.”

அவர் என்னையும் பிய்ந்த தாழ்ப்பாளையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்குத் தூக்கம் வராதும்மா. பூட்டிட்டு நாற்காலியில இருக்கேன்” என்று இறங்கிப் போனார். நான் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்தேன்.

கண் அயரும் நேரத்தில் வேன் வந்து நின்றது.

“கேட்டத் தொறங்க அண்ணாச்சி.” மதினியின் குரல்.

“தொறக்க முடியாதும்மா. அவிய தூங்குதாவ.”

“நான் அவளுக்கு மதினியாக்கும். புளியங்குடியில இருந்து வாரேன்.”

“ஆரா இருந்தாலும் சரி. தூங்குதாவ.”

“பட்டப்பகல்லயா? எங்கிட்ட ஏதும் மறைக்கியளா? அவ உசுரோட இருக்காளா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்க.”

“மேல கம்பியப் பாருங்கம்மா. செவப்புத் துண்டு கெடந்தா நல்லாருக்காவன்னு அர்த்தம்.”

பிறகு மதினி, “துண்டக் காணலியே” என்றார். குரல் உடைந்திருந்தது.

கலவரத்தில் அன்று துண்டைப் போடவே இல்லை. எழுந்தேன். துண்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே மதினி தலையை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். அவசரத்தில் வந்தவர், ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் வேறொன்றும் மாட்டியிருந்தார். அந்த அவசரத்திலும் கையில் தூக்குச்சட்டி. அதைப் பார்த்ததும் இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

“ஏட்டி செல்வி” என்றார்.

துண்டைக் கம்பியில் நன்றாக விரித்து, காற்றில் பறக்காமல் ஒரு முடிச்சும் போட்டேன். மதினியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளே வந்து கம்பளியை இழுத்துக்கொண்டேன்.

கீழே தூக்குச்சட்டியின் பிடி கிணுங்கியது. பிறகு மதினி சொல்வது கேட்டது. “இந்தத் தூக்குச்சட்டிய இங்கன வச்சிட்டுப் போறேன். முழிச்சதும் குடுங்க. நான் வந்தேன்னு எழுப்பிராதிய.”

நான் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தேன்.